இடுப்பளவு ஈரம்

"ஹலோ... விஜி? ... கேக்குதா? ... ஆமா ஆமா, சசிதான். ... மொதல்ல அந்தப் பாறை மேல ஆடாம நில்லு. நீ ஒவ்வொருக்கா திரும்பறப்பவும் பாதிப் பேச்சக் காத்து தின்னுட்டுப் போகுது. ... ம். ... ஒட்டினேன்டி. நேத்து சாயங்காலமே ஒட்டிட்டேன். ஒரு முழம் பாலித்தீன், நாலு பக்கமும் டேப்பு. ... பாத்தேன். பாத்துட்டுத்தான் கூப்பிடறேன். சுவரு மறுபடியும் ஈரம். அதே எடம், அதே ஒசரம். இடுப்பளவு. அதுக்கு மேல ஒரு பொட்டுக் கூட இல்ல. ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்சாப்ல நிக்குது. ... மழையா? மழை பேஞ்சு நாப்பது நாளாச்சு. வானத்துல ஒரு மேகம் இல்ல, என்ற சுவத்துக்கு மட்டும் ஐப்பசி மாசம்!"

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலைக்குக் கீழே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த ஓட்டு வீடு. அதன் பின்புறம் புதிதாகக் கட்டிய ஒற்றை அறையில், கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சசிரேகா நின்றிருந்தாள். எதிர்முனையில் விஜயா. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இன்று விஜயா கட்டடத்துக்குப் பிளான் போடும் இன்ஜினியர். இந்த அறைக்கும் பிளான் போட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அவலாஞ்சியில் ஏதோ குடியிருப்பைப் பழுதுபார்க்கப் போன இடத்தில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல் ஏறி நிற்கிறாள்.

அறையின் நடுவில் உறை பிரிக்காத ஸ்வெட்டர் பின்னும் மெஷின் ஒன்று கல்யாணப் பெண்ணைப் போலத் தலை மூடி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி பச்சை உல்லன் நூல் மூட்டைகள். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று இருநூறு ஸ்வெட்டர் தருவதாக சசிரேகா வாக்குக் கொடுத்திருந்தாள். தேயிலை பறித்த பன்னிரண்டு வருடத்தை இந்த மெஷினை நம்பித்தான் போன மாதம் முடித்துக்கொண்டாள். இன்று பதினோரு மணிக்குப் பேரூராட்சியிலிருந்து ஆண்ட்ரூ என்ற அதிகாரி வருகிறார். அறை பிளான்படி இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் கதவுக்குச் சீல். மெஷின் உள்ளே, சசிரேகா வெளியே.

"மணியா? ஒம்பதே முக்கால். ... பதறலைடி. பதறாமத்தான் கத்தறேன். ... சரி, சொல்லு. ... பாலித்தீன் மேல கைய வெக்கறதா? இரு. ... காஞ்சு கெடக்குது. ... ஆமா, ரூம் பாத்த பக்கம் காஞ்சிருக்கு. சுவத்த ஒட்டின பக்கந்தான் முத்து முத்தாத் தண்ணி. ... சத்தியமா. போட்டோ வேணுமா? ... அப்ப பனி இல்லியா? ... நில்லு நில்லு, இத எங்கூட்டுக்காரருக்குச் சொல்லியே ஆகோணும். ஏனுங்க! உங்க பனி தோத்துப் போச்சுங்க!"

முன்வாசலில் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த வெற்றிச்செல்வன் தலையை மட்டும் திருப்பினான். தேயிலை ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையர் அவன் பொறுப்பில். அந்தத் தகுதியில், சுவர் குளிர்ந்து கிடக்கிறது, அறைக் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது, சூடான டீயைக் குடிக்கும்போது மூக்குக்கண்ணாடி மங்குவதில்லையா, அது மாதிரி என்று பத்து நாளாக வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது.

"இப்பத்தான்டி புரியுது. காத்துல இருந்து படிஞ்சா பாலித்தீனோட இந்தப் பக்கம் படியோணும். சுவத்துக்குள்ள இருந்து வந்தா அந்தப் பக்கம் மாட்டிக்கும். ... ஆமா. நடுவுல பாலித்தீன நிறுத்தி, தண்ணியே நீ எந்தப் பக்கத்து ஆளுன்னு கேக்கறோம். ... எட்டணாப் பாலித்தீன். இது தெரியாம அந்த பெயிண்டுக்காரன் பேச்சக் கேட்டு ரெண்டு கோட்டு அடிச்சேனே. ... ஈரம் புடிக்காத பெயிண்டாம். இப்ப அப்பளமாட்டம் பொரிஞ்சு நிக்குது. கை வெச்சா நொறுங்குது. ... ஏன்? ... ஓ. ... ஓஹோ. தண்ணி பின்னால இருந்து தள்ளுது, பெயிண்டு முன்னால இருந்து மூடுது. ... அப்ப சுவத்துக்கு ரெயின்கோட்ட உள்பக்கமாப் போட்டு உட்டிருக்கேன்! ... சிரிக்காத. பாறையில இருந்து உழுந்துருவே."

மெஷினின் மேல் ஒரு தட்டு இருந்தது. அதில் கற்பூரம் எரிந்த கரி.

"பெயிண்டாவது பரவால்ல. எங்கத்தை இருக்காங்களே, நேத்து வெள்ளிக்கெழமை இல்ல? ஈரத்துல கோடு நேரா இருக்குது, இது மனுசன் போட்ட கோடு இல்லைன்னு குங்குமம் வெச்சுட்டாங்க. கங்கம்மா வந்திருக்காளாம். ... ஆமா, கங்கை. எமயமலையில இருந்து கெளம்பி, எங்கூட்டுப் பின்னால எறங்கியிருக்கா. ... ஆண்ட்ரூ சாரு வந்து பாத்தாருன்னா, இது ரூமா கோயிலான்னு கேப்பாரு. கோயிலுக்குத் தனி அனுமதி வாங்கோணும்லடி? ... வாங்கோணுமா! நான் சும்மா கேட்டேன்."

புடவைத் தலைப்பால் குங்குமத்தை அவசரமாகத் துடைத்தாள். ஈரத்தில் அது கரைந்து, சுவரில் செக்கச்செவேல் என்று இழுபட்டது. இப்போது கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது.

"ஒண்ணும் இல்ல, நீ சொல்லு. ... குழாயா? இந்தச் சுவத்துல குழாயே இல்ல, நீதான பிளான் போட்டே. ... கூரையும் இல்ல, மேல பூராவும் காஞ்சு கெடக்குது. ... ம், தரையில இருந்து ஏறுதான்னா... நீ போட்டியே, பேஸ்மட்டம் முடிஞ்சதும், மொதல் கல்லு வெக்கறதுக்கு முன்னால, கறுப்பா ஒரு பட்டை. ... டிபிசி, அதான். போடறப்ப நானே பக்கத்துல நின்னேன். பூமியில இருக்கற ஈரம் கல்லு வழியா மேல ஏறும், இந்தப் பட்டை நடுவுல நின்னு தடுக்கும்னு மூணு தடவ சொன்னே. டீ ஆறிப் போச்சு, நீ நிறுத்தல. ... ஏறலைங்கறியா? ... ஏறாம இடுப்புக்கு எப்படிடி வந்துச்சு, பஸ் புடிச்சா?"

எதிர்முனையில் விஜயா வெகுநேரம் பேசினாள். சசிரேகா 'ம்' போட்டுக்கொண்டே அறையின் மூலைக்குப் போனாள். கொத்தனார் மாரப்பன் வேலை முடிந்து போகும்போது மறந்துவிட்டுப் போன ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் அங்கே பாம்பு போலச் சுருண்டு கிடந்தது. குழாயில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன உயரம் என்று இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடும்.

"இருக்கு. மாரப்பன் உட்டுட்டுப் போன டியூப்பு இருக்கு. ... சன்னல் வழியா ஒரு முனைய வெளிய போடறேன். ... தண்ணி ரொப்பியாச்சு, குமிழி ஒண்ணும் இல்ல. ... இந்த முனைய யாரு புடிக்கறதா? எங்கூட்டுக்காரரு இருக்காரே, மாசத்துல ஒரு நாளாச்சும் பிரயோசனப்படட்டும். ஏனுங்க! இங்க வாங்க. இத ஈரக்கோட்டுக்கு நேராப் புடிங்க. தண்ணி கோட்டுல நிக்கோணும். மேல கீழ ஆட்டக் கூடாது. ... குல்லாயக் கழட்டோணும்னு அவசியம் இல்லீங்க, கைதான் வேணும்."

பக்கக் கதவைத் திறந்து, சுவரைச் சுற்றிப் பின்புற மேட்டில் ஏறினாள். அங்கே எப்போதும் பார்க்கும் காட்சிதான். அறைச் சுவருக்கும், மேட்டைத் தாங்கி நிற்கும் கல்லுக்கட்டுக்கும் நடுவில் ஒரு நீளப் பாத்தி. பாத்தி முழுக்க மேரக்காய், அதாவது சௌசௌக் கொடி படர்ந்து, இலைக்கு மேல் இலையாக மெத்தை போட்டிருந்தது. சன்னலுக்குக் கீழே வந்து குழாயின் முனையைப் பிடித்தாள்.

"ஹலோ... இருக்கியா? ... வெளிய வந்துட்டேன். ... புடிச்சிருக்கேன். தண்ணி ஆடுது, ஆடுது... நின்னுருச்சு. ... எங்க நிக்குதுன்னா, என்ற கணுக்கால்கிட்ட. ... ஆமா, கணுக்கால்கிட்ட. ... உள்ள இடுப்புல புடிச்சிருக்காரு, வெளிய கணுக்கால்கிட்ட நிக்குது. டியூப்பு கெட்டுப் போச்சா? ... கெடாதா? ... நான் எது மேல நிக்கறேன்னா? பாத்தி மேலதான்டி நிக்கறேன். ... மேரக்காய்ப் பாத்தி. ... இலைய வெலக்கிப் பாக்கறேன், இரு. ... மண்ணுக்கு மேல நாலு விரல்ல நிக்குது தண்ணி. ... நாலு விரல், அளந்துட்டேன். ... அப்படின்னா? ... அப்படின்னா, உள்ள இருக்கற ஈரக்கோடும் வெளிய இருக்கற இந்த மண்ணும்..."

அவள் தன் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்தாள். அறைக்குள் தரையில் நின்றால் தன் இடுப்பு வரும் உயரத்தில், இப்போது தன் செருப்பு நின்றுகொண்டிருந்தது.

"... ரெண்டும் ஒண்ணுதான்டி. ... அந்த நாலு விரலு எப்படி வந்துச்சு? ... வர்க்கிய டீயில நனைச்சா, டீ மட்டத்துக்கு மேல கொஞ்சம் ஊறி ஏறுமே, அதா? ... அட, அதே! ... ம்... ம்... எந்த எடைவெளி? ... நீ உட்ட எடைவெளியா? ... மூணடியா? ... அந்தப் பள்ளந்தான? ... ஏன் கத்தறே? அது மாரப்பன் சாரம் கட்டி பூசறதுக்கு உட்ட எடம்னு நெனச்சோம். வேலை முடிஞ்சுதே, இனி எதுக்குப் பள்ளம்னு... ஆமா. ... ரொப்பியாச்சு. ... பூராவும். ... இல்ல, நான் இல்ல. கார்த்திகைக்கு நான் அம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா பாத்தி. ... விஜி? ... ஹலோ? ... சிக்னல் போயிருச்சுன்னு பாத்தேன். தலையில அடிச்சுக்கற சத்தந்தானா அது?"

சன்னலுக்குள் வெற்றிச்செல்வன் குழாயைப் பிடித்தபடி சிலையாக நின்றான். முகம் சரியில்லை.

"ஏனுங்க. அந்தப் பள்ளத்துக்குள்ள எங்கிருந்துங்க அத்தனை மண்ணு வந்துச்சு? ... ரூமுக்கு மேட்ட வெட்டின மண்ணா? அது லாரியில போயிருச்சுன்னு சொன்னீங்களே! ... விஜி, கேட்டுக்க, நானே சொல்றேன். ஃபேக்டரியில எவனோ சொன்னானாம், மண்ண வெளிய ஏத்தினா வழியில புடிப்பாங்க, எங்க மேட்ட வெட்டினேன்னு கேப்பாங்கன்னு. அதுக்குப் பயந்துட்டு, லீவு நாளெல்லாம் சட்டி சட்டியா அள்ளி இந்தப் பள்ளத்துக்குள்ள கொட்டியிருக்காரு. ... இவருதான்டி. என்ற புருசந்தான். ... ஆப்பீசரு கண்ணுல படக் கூடாதுன்னு, ஆப்பீசரு டேப்ப நீட்டி அளக்கற எடத்துலயே கொண்டு போயி ஒளிச்சு வெச்சிருக்காரு!"

இதைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் கோபமாகிவிட்டது.

"நான் ஊருக்கு வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? 'உனக்காகத்தான் சசி, மேரக்காய்ப் பாத்தி.' கல்யாணமாயி பதிமூணு வருசத்துல ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுசன்! நானும் உருகிப் போயிட்டேன்டி. அன்னைக்குக் கறிக்கொழம்பு வெச்சேன். ... சிரி, நல்லா சிரி. ... பன்னெண்டடி நீளம், மூணடி அகலம், மூணடிக்கு மேல ஒசரம். முந்நூறு சட்டிக்கு மேல வரும். இருவது வருசமா எலையக் காய வெக்கறவரு, ஒரு சுவத்த நனைக்கறதுக்கு இத்தனை பாடுபட்டிருக்காரு."

கொடியை ஒரு கையால் விலக்கி, மண்ணில் விரலைச் செருகினாள். இரண்டாவது கணு வரை சில்லென்று இறங்கியது.

"ஆனா விஜி, ஒண்ணு கேக்கறேன். மண்ணு சரி. மழை இல்லாம மண்ணு எப்படிடி நனைஞ்சு கெடக்குது? ... கல்லுக்கட்டுல ஓட்டை உட்டிருக்கறது மேட்டுத் தண்ணி வெளிய வர்றதுக்கா? அதையும் மண்ணு மூடியிருக்குது. ... சரி, அது கசியும். வேற? ... நானா? நான் எதுக்கு... ... துணி அலசின தண்ணியா? ... ம். ... ஊத்தறேன். ... மேரக்காய்க்குத்தான். ... தெனமும். ... ரெண்டு பக்கெட்டு. ஞாயித்துக்கெழமை நாலு. ... இல்ல, வெயில்ல வாடுதேன்னு... ..."

சன்னலுக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. சசிரேகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சித்த பேசாம இருங்க. மண்ணு உங்களுது, தண்ணி என்னுது. ரெண்டு பேரும் சேந்துதான் கங்கம்மாவக் கொண்டாந்திருக்கோம். ... சரிடி, ஒத்துக்கறேன். இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கோணும். உன்ற கறுப்புப் பட்டை கெட்டுப் போச்சா? ... கெடலையா? ... பின்ன ஏன் தடுக்கல? ... ம்... ம்... ஆமா, எலை பறிக்கறப்ப கம்பூட்ஸ் போட்டிருக்கேன். ... ஓடையில எறங்குவோம். ... நனையாது. ... தண்ணி பூட்ஸ் வாய்க்கு மேல போனா, மேல இருந்து உள்ள எறங்கும். ... ஏய்! அப்ப பட்டைதான் பூட்ஸ், மண்ணு பட்டைக்கு மேல போயிருச்சு. தண்ணி ஏறவே வேண்டாம், பக்கத்துல இருந்து சும்மா நொழையுது! ... இதுக்குத்தான் மூணடி உட்டியா? ... தண்ணி சுவத்தத் தொடாம, கீழ வடிகால்ல ஓடறதுக்கு. வெளிச்சம் வர்றதுக்கு, காத்து போறதுக்கு, மேடு சரிஞ்சா சுவத்து மேல உழாம இருக்கறதுக்கு. ... அடிப்பாவி. டீ ஆறறப்ப இத நாலாவது தடவ சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

வெற்றிச்செல்வன் குழாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். வந்தவன் பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை நடந்தான். பிறகு குனிந்து, கொடியை இழுத்து இழுத்து, மண் தெரிந்த இடத்தையெல்லாம் இலையால் மூட ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க? ... விஜி, இங்க பாரு, கொடியப் பரப்பி உட்டா மூணடி தெரியாதுங்கறாரு. ஆண்ட்ரூ சாரு மேரக்காயப் பாத்துட்டு, ஆகா என்ன காய்னு ரெண்டப் பறிச்சுட்டுப் போயிருவாராம். ... ஆமா. ... ம். ... நானும் அதத்தான் நெனைக்கறேன். மறைச்சு கையெழுத்து வாங்கினாலும் சுவரு காயாது. சுவத்துக்கு ஆப்பீசரு கையெழுத்துப் போட முடியாது. நூலு பூஞ்சணம் புடிச்சு, இருநூறு புள்ளைங்களும் சளியோட ஸ்வெட்டரப் போடும். ... வேண்டாங்க. எடுங்க கைய. மண்வெட்டியக் கொண்டாங்க. ... இல்லீங்க, ஒரு மணி நேரத்துல முந்நூறு சட்டி அள்ள முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஒரு மூலையிலாச்சும் தோண்டுங்க. விஜி சொல்றா, சுவத்த ஒட்டி ஓரடி அகலத்துக்குக் குழி. கறுப்புப் பட்டை தெரியற வரைக்கும்."

அவன் தோண்டினான். முதல் வெட்டிலேயே மண் சேறாகப் பிளந்தது. இரண்டு அடி ஆழத்தில் மண்புழு. மூன்று அடியில், சுவரோடு ஒட்டி, விரல் தடிமனில் கறுப்பு விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

"தெரியுதுடி! உன்ற பட்டை தெரியுது. கொடல்ல போன நாணயமாட்டம் பத்திரமா இருக்குது. ... என்ன சத்தமா? ... ஸ்கூட்டரு. வளைவுல ஸ்கூட்டரு திரும்புது. ... மணி பத்தே கால்தான். பதினொண்ணுன்னு சொன்னவரு... ... அவருதான். ஹெல்மெட்டும் ரோல் பண்ணின பிளானுமா எறங்கறாரு. ... விஜி, கட் பண்ணாத. ... பேசமாட்டேன், நீ கேட்டுட்டு மட்டும் இரு. நான் ஏதாச்சும் ஒளறினா இருமு."

கைப்பேசியை ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டாள். வாய்ப் பக்கம் மேலே இருக்கும்படி.

"வாங்க சார், வணக்கம். ... ஆமாங்க, பின்னாலயே வந்துருங்க. ... பாத்துங்க, அங்க சேறு. ... சார், நீங்க டேப்ப எடுக்கறதுக்கு முன்னால நானே சொல்லீர்றேன். பிளான்ல பின்னால மூணடி திறந்த எடம் இருக்குதுங்க. இப்ப இல்லைங்க. ... நாங்கதாங்க மூடினோம். ... எங்கூட்டுக்காரரு மண்ணக் கொட்டினாரு, நான் தண்ணி ஊத்தினேன். ... இல்லீங்க சார், வேற கட்டடம் எழுப்பறதுக்கு இல்ல. மேரக்காய்ங்க. ... சிரிக்கறீங்களா திட்டறீங்களான்னு தெரியலீங்க சார்."

ஆண்ட்ரூ பிளானை விரித்தார். ஒரு பக்கம் வெற்றிச்செல்வன் பிடித்துக்கொண்டான். அவன் கைச் சேறு பிளானின் வடக்கு மூலையில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பொரிந்த பெயிண்டையும், குங்குமம் இழுபட்ட சுவரையும், மூடிய மெஷினையும் பார்த்தார். குங்குமத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"ரத்தம் இல்லீங்க சார். குங்குமம். அது வேற கதை. ... பாருங்க, ஈரம் நிக்கற கோடும் வெளிய மண்ணும் ஒரே மட்டம். டியூப்பு வெச்சுப் பாத்துட்டோம். சுவத்துல கோளாறு இல்லீங்க, பிளான்ல கோளாறு இல்லீங்க. நீங்க அளக்கறதுக்கு உட்ட எடந்தான் சுவத்துக்கு மூக்கு. அத நாங்க அடைச்சுட்டோம். ... ஆமாங்க, எடுத்துர்றோம். ... எங்கயும் போகாதுங்க, ரோட்டுக்கு ஒரு சட்டி போகாது. எங்க ஊட்டுக்கு முன்னால கீழ்த்தட்டு இருக்குது, எங்க பட்டாவுலயே. அங்க அரையடிக்குப் பரப்பி, மேரக்காய அங்க நட்டுக்கறோம். ... மழை வர்றதுக்கு முன்னாலயா? அதுக்கு முன்னாலயே. ... எத்தனை நாளுன்னு நீங்களே சொல்லுங்க சார். ... ... சரிங்க. ... சரிங்க சார். ... எழுதிக் குடுத்தீங்கன்னா சுவத்துல ஒட்டிக்கறேன். உள்ள வேண்டாம், உதிந்துரும், கதவுல ஒட்டிக்கறேன். ... டீ? ... சரிங்க, அடுத்த தடவ."

ஸ்கூட்டர் வளைவைத் தாண்டியது. பிறகு சசிரேகா பாக்கெட்டுக்குள் கையை விட்டாள்.

"விஜி! இருக்கியா? ... கேட்டியா? ... பதினஞ்சு நாள்! பதினஞ்சு நாள் கழிச்சு வந்து அளப்பாரு. மூணடி இருந்தா கையெழுத்து, இல்லைன்னா நோட்டீஸ். ... சீல் இப்ப இல்ல. ... அழலைடி, மூக்குல பனி. ... போடி, பனி தோத்துப் போச்சுன்னு எனக்கும் தெரியும்."

வெற்றிச்செல்வன் குல்லாயைக் கழற்றிக் கல்லுக்கட்டின் மேல் வைத்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் தலையைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. முதல் சட்டி மண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தான்.

"தூக்கிட்டுப் போறாரு. ஒண்ணு ஆச்சு, இன்னும் முந்நூறு. ... நானும் அள்ளுவேன், நான் என்ன வேடிக்கை பாக்கவா? ... ம், சொல்லு, மிச்சத்தையும் சொல்லீரு. சிக்னலு கரகரங்குது. ... மண்ண எடுத்ததும் உடனே பூசக் கூடாது. ... பொரிஞ்ச பெயிண்டச் சொரண்டி எடுக்கோணும், சுவரு மூச்சு உடட்டும். ... மறுபடி அந்தப் பெயிண்டா? அந்தக் கடைப் பக்கமே போகமாட்டேன். ... காய எத்தனை நாளாகும்? ... ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசமா! ஒம்பது அங்குலச் சுவருடி, ஒம்பது மாசமா? அதுக்குள்ள ஒரு புள்ளையே பெத்துரலாம். ... சரி சரி, பெக்கல. ... மெஷின எதிர்ச்சுவத்துப் பக்கம் பலகை மேல தூக்கி வெச்சா இன்னைக்கே ஓட்டலாமா? ... அந்தப் பக்கம் காஞ்சிருக்கு, தொட்டுப் பாத்தேன். ... நூலும் அங்கயே. ... சன்னலத் தெறந்தே வெக்கறேன். ... ஸ்வெட்டருக்கு மொத அளவு உன்ற பையனுக்கு, சரியா? ... ம். ... கல்லுக்கட்டு ஓட்டைய குச்சி உட்டுக் குத்தி உடறேன். ... வடிகாலு எவ்வளவு ஆழம்? ... பட்டைக்கு எத்தனை கீழ? ... ஹலோ? ... விஜி, எத்தனை கீழ? கடைசியாச் சொன்னது கேக்கல. ... அரையடியா? ... அரையடி! ... ஆமா ஆமா, எழுதிக்கறேன்... ஹலோ? ... ஹலோ?"

அவலாஞ்சிப் பாறை கைவிட்டுவிட்டது. சசிரேகா கைப்பேசியின் கறுத்துப்போன முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வெற்றுச் சட்டியோடு திரும்பி வந்த வெற்றிச்செல்வன், அடுத்து என்ன என்பதுபோல் நின்றான். அவள் குழிக்குள் இறங்கி, அடி மண்ணை இன்னும் கொஞ்சம் விலக்கி, கறுப்புப் பட்டைக்குக் கீழே ஒரு சாண் வைத்து, அதில் இரண்டு விரல் குறைத்து, ஆணியால் கோடு ஒன்று கிழித்தாள்.

"மண்ணு இந்தக் கோட்டோட நிக்கோணுங்க. பட்டைக்கு அரையடி கீழ, மூணடி அகலம், கோடியில இருந்து கோடிக்குக் காலி. தண்ணி வடிகால்ல போயிரும். சுவரு தானாக் காஞ்சுக்கும்."